பழைய படகுக்குப் புது நீச்சல் மேடை: தேக்கா, ஃபைபரா, பிளாஸ்டிக்கா, அலுமினியமா?

கனடாவின் ஒன்டாரியோவில் ஏப்ரல் கடைசியில் படகுகளின் குளிர்கால உறையைக் கிழிக்கும்போதுதான் போன வருடம் தள்ளிப்போட்ட வேலைகள் எல்லாம் கண்ணில் படும். அதில் தவறாமல் வருவது பின்பக்கத்து நீச்சல் மேடை, தண்ணீரில் இறங்கவும் ஏறவும் படகின் பின்னால் பூட்டும் பலகை. 1980களிலும் 90களிலும் செய்த படகை இன்னொருவரிடமிருந்து வாங்கிய நண்பர்கள் மூன்று பேர் இந்த வசந்தத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மேடை ஆடுகிறது, பலகை வெடித்திருக்கிறது, மாற்ற வேண்டும். எதை வாங்குவது?

எங்களுடையது 1988இல் செய்த 26 அடிப் படகு. எஞ்சின் உள்ளே, புரொப்பெல்லர் கால் வெளியே தொங்கும் ஸ்டெர்ன் டிரைவ் வகை. இரண்டு வருடம் முன்பு ஜூலையில் சிம்கோ ஏரியில் நங்கூரம் போட்டிருந்தோம். என் மச்சான் ஏணியில் ஏறி மேடையில் நின்றார், அவருடைய மகன் பின்னாலேயே ஏறினான். அப்போது மேடையைத் தாங்கும் இடது ஓரத்து பிராக்கெட் படகின் பின்சுவரிலிருந்து ஒரு விரல் அளவு பிடுங்கிக்கொண்டு வந்தது. யாருக்கும் அடியில்லை. கரைக்கு வந்து கழற்றிப் பார்த்தால், அந்த பிராக்கெட்டைப் பிடித்திருந்தவை வெறும் மர ஸ்க்ரூக்கள். சுற்றிலும் குளியலறைக்குப் பூசும் சிலிகான். ஓட்டையிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் வடிந்தது. முன்பு வைத்திருந்தவர்களில் யாரோ செய்த வேலை. ஒரு வார இறுதியில் முடிப்பதாக நினைத்தது அடுத்த மே மாதம் வரை இழுத்தது.

அதனால் பலகையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு முதலில் சுவரைப் பற்றித்தான் சொல்கிறேன்.

எதை வைத்து அளப்பது

பின்சுவரின் நிலை. டிரான்சம் என்று சொல்லும் இந்தப் பின்சுவர், அந்தக் காலத்துப் படகுகளில் பெரும்பாலும் இரண்டு ஃபைபர்கிளாஸ் தோல்களுக்கு நடுவே பிளைவுட் வைத்துச் செய்தது. வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், சரியாக அடைக்காத ஓட்டை ஒன்று போதும், உள்ளே பிளைவுட் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். நம் குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்து விரியும், அடுக்குகளைப் பிரிக்கும், வசந்தத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் போக வழி செய்யும்.

சோதிப்பது கடினமில்லை. பிளாஸ்டிக் தலை சுத்தியலால் சுவர் முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடத்தில் ‘டக்’ என்று தெளிவாகக் கேட்கும், கெட்ட இடத்தில் ‘தொப்’ என்று மந்தமாகக் கேட்கும். மேடையின் போல்ட் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். தண்டில் பழுப்புக் கறையோ குழியோ இருந்தால் அது ஈரமான மரத்துக்குள் இருந்திருக்கிறது. கடைசிச் சோதனை, உள்பக்கத்திலிருந்து சின்ன ஓட்டை போட்டு வரும் தூளைக் கையில் எடுத்துப் பார்ப்பது. உலர்ந்த வெளிறிய தூள் என்றால் நிம்மதி. கறுத்து, விரலில் ஒட்டிக்கொண்டால் மேடை வாங்கும் பணத்தை அப்படியே எடுத்து வையுங்கள், அது சுவருக்குத் தேவைப்படும்.

சுமை. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. 80 கிலோ எடையுள்ள மூன்று பேர் சுவரிலிருந்து 20 அங்குலம் தள்ளி மேடையில் நிற்கிறார்கள். மொத்தம் 240 கிலோ. பிராக்கெட்டின் மேல் பிடிக்கும் கீழ்ப் பிடிக்கும் நடுவே உயரம் 10 அங்குலம். அப்படியென்றால் மேல் போல்ட்டுகள் எல்லாம் சேர்ந்து தாங்க வேண்டிய இழுவை 240 பெருக்கல் 20 வகுத்தல் 10, அதாவது 480 கிலோ. அதே அளவு அழுத்தம் கீழ்ப் பாதத்தில் சுவரை உள்ளே குத்துகிறது. யாராவது குதித்தால் இது இரண்டு மடங்கைத் தாண்டும். பிராக்கெட்டின் உயரம் 14 அங்குலமானால் இழுவை 343 கிலோவாக இறங்குகிறது. ஆக, மேடையை ஆழமாக்கினால் பிராக்கெட்டையும் உயரமாக்க வேண்டும். 20 அங்குல மேடைக்கு வந்த பழைய பிராக்கெட்டிலேயே 30 அங்குல மேடையைப் பூட்டுவதுதான் நான் பார்த்தவற்றில் மோசமான தவறு.

கீழிருந்து வரும் அடி. வேகமாக வந்து சட்டென்று எஞ்சினைக் குறைத்தால் நம்முடைய அலையே பின்னால் வந்து மேடையைத் தூக்கும். பின்னோக்கி ஓட்டும்போதும் அப்படியே. இடைவெளி இல்லாத பலகை அந்த அடியை முழுதாக வாங்கும். சட்டம் சட்டமாக இடைவெளி விட்ட மேடையில் தண்ணீர் மேலே பீறிட்டுப் போய்விடும். இரவில் படகில் தூங்குகிறவர்களுக்கு இன்னொன்று: மூடிய பலகைக்கு அடியில் சிற்றலை அடிக்கும் சத்தம் தலைமாட்டிலேயே கேட்கும்.

இவற்றுக்கு அப்புறம்தான் காலடிப் பிடிப்பு, வெயிலில் சூடு, வருடாந்தரப் பராமரிப்பு, பழுது பார்க்கும் வசதி, விலை. இன்னும் எத்தனை வருடம் இந்தப் படகை வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்தில் விற்கப் போகிறவருக்கும் பிள்ளைகள் வளரும்வரை வைத்திருக்கப் போகிறவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

பழையதையே புதுப்பிப்பது

கடைக்குப் போகும் முன் இதை யோசியுங்கள். அந்தக் காலத்துத் தேக்கு மேடை உங்களிடம் இருந்தால், சாம்பல் நிறமாகி நார் எழும்பியிருந்தாலும், மரம் உள்ளே நன்றாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சட்டங்களுக்கு நடுவே கத்தி முனையைக் குத்திப் பாருங்கள். இறங்கவில்லையென்றால் தேய்த்து, வெடித்த ஓரிரண்டு சட்டங்களை மட்டும் மாற்றி, மறுபடி பூட்டலாம். ஆட்டம் பெரும்பாலும் பலகையில் இருக்காது, பிராக்கெட்டிலும் போல்ட்டிலும்தான் இருக்கும். புது பிராக்கெட்டும் புது போல்ட்டும் வாங்குவது புது மேடையின் விலையில் சின்னப் பங்குதான் ஆகும்.

பழைய மேடை பிளைவுட்டை நடுவில் வைத்த ஃபைபராக இருந்து, மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கினால் மினக்கெட வேண்டாம். உள்ளே உளுத்துவிட்டது.

தேக்கு

எனக்கு இந்த மரத்தின்மேல் பாசம் உண்டு, அதை மறைக்கவில்லை. 1817இல் பம்பாயில் மலபார்த் தேக்கில் கட்டித் தண்ணீரில் இறக்கிய ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்கு டிரிங்கோமலி என்று பெயர், நம் திருகோணமலைதான். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அது இன்றும் தண்ணீரில் நிற்கிறது. இருநூறு வருடம் தாங்கும் மரம் நம் ஏரிக்குத் தாங்காதா?

தாங்கும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, அதனால் எளிதில் உளுக்காது. ஈரக்காலுக்கு வழுக்காது. சட்டங்களுக்கு இடையே தண்ணீர் வடியும், அலையின் அடியும் வெளியேறும். 8 அடி நீளம் 2 அடி அகலத்தில் இடைவெளி விட்டுச் செய்தால் எடை சுமார் 20 கிலோ. ஒரு சட்டம் உடைந்தால் அந்தச் சட்டத்தை மட்டும் மாற்றலாம். வேறெந்தப் பொருளிலும் பழுது இவ்வளவு சுலபமில்லை.

செலவு மறைந்திருப்பது இரண்டு இடத்தில். ஒன்று, மரமே. மியன்மர் 2014 ஏப்ரலில் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. 2021 ஏப்ரலில் அமெரிக்கா அந்த நாட்டின் அரசு மர நிறுவனத்தின்மீது தடை போட்டது. இப்போது கிடைப்பதில் நிறையத் தோட்டத் தேக்கு. சீக்கிரம் வெட்டிய மரத்தில் வெளிறிய வெளிமரம் அதிகம், வைரம் என்று சொல்லும் முற்றிய உள்மரம் குறைவு. வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள், சட்டத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் அந்த இடம் முதலில் போகும். இரண்டாவது, உங்கள் நேரம். பொன்னிறம் வேண்டுமென்றால் பருவத்துக்கு இரண்டு தடவையாவது எண்ணெய் பூச வேண்டும். எண்ணெயே இல்லாமல் வெள்ளி நிறத்துக்கு விட்டாலும் மரம் கெடாது, நான் அப்படி விடுவதையே விரும்புகிறேன். ஆனால் பிரஷர் வாஷரால் அடிக்காதீர்கள். மென்மையான நார் எல்லாம் பறந்து வரிவரியாகப் பள்ளம் விழும், பிறகு தேய்த்துத் தேய்த்து மரம் மெலியும்.

அச்சில் வார்த்த ஃபைபர்கிளாஸ்

படகின் நிறத்திலேயே ஜெல்கோட் என்ற பளபளப்பான மேல்பூச்சு, மேலே வழுக்காத புள்ளி வடிவம், உருண்டையான ஓரம். பார்ப்பதற்குப் படகோடு பிறந்த மாதிரி இருக்கும். விற்கும்போது வாங்குகிறவர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். வருடத்துக்கு ஒரு தடவை கழுவி மெழுகு போட்டால் போதும். வெள்ளையாக இருப்பதால் வெயிலில் சூடும் குறைவு.

வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே என்ன இருக்கிறது என்பது. பிளைவுட்டா, நுரையா? பிராக்கெட் பூட்டும் இடங்களில் அலுமினியத் தகடோ கெட்டியான ஃபைபரோ பதித்திருக்கிறார்களா? உள்ளே நுரை மட்டும் இருந்தால் போல்ட்டை இறுக்க இறுக்க அது நசுங்கும். பிளைவுட் இருந்தால் நீங்கள் போடும் ஒவ்வொரு ஓட்டையும் சுவரில் போடும் ஓட்டையைப் போலவே அடைக்கப்பட வேண்டும்.

அப்புறம் வளைவு. பழைய படகுகளின் பின்சுவர் இடமிருந்து வலமாக லேசாக வளைந்திருக்கும். தயார் நிலையில் வரும் மேடை நேராக இருந்தால் நடுவில் ஒட்டிக்கொண்டு ஓரங்களில் இரண்டு விரல் இடைவெளி தெரியும். அட்டையில் அச்சு வெட்டி அனுப்பினால் அந்த வளைவுக்கே செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். அதற்கு விலை கூடும், காத்திருக்கவும் வேண்டும். எட்டு ஒன்பது அடிப் பொருளை அனுப்பும் கூலி சாதாரணப் பார்சல் கூலி இல்லை என்பதையும் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

எச்.டி.பி.இ பிளாஸ்டிக் பலகை

கிங் ஸ்டார்போர்டு என்ற பெயரில் பலருக்குத் தெரிந்தது. காய்கறி நறுக்கும் வெள்ளைப் பலகையின் இனம், வெயில் தாங்கும்படி செய்தது. உளுக்காது, துருப்பிடிக்காது, பெயின்ட் வேண்டாம். சாதாரண மர ரம்பத்தால் வெட்டலாம், ரவுட்டரால் ஓரத்தை உருட்டலாம். வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு இதைவிட இலகுவான பொருள் கிடையாது.

ஆனால் இது வளைந்து கொடுக்கும். தேக்கின் விறைப்பில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கமாகத்தான் இதன் விறைப்பு. முக்கால் அங்குலப் பலகைக்கு ஒன்றரை அடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் விட்டால் நடுவில் தொட்டில் மாதிரி தொய்யும், வெயிலில் இன்னும் தொய்யும். ஆக பலகையில் மிச்சம் பிடிப்பதை பிராக்கெட்டிலும் அடியில் ஓடும் குழாய்களிலும் கொடுக்கிறீர்கள், கூடவே சுவரில் ஓட்டைகளும் கூடுகின்றன. எடையும் குறைவில்லை, 8 அடிக்கு 2 அடி என்றால் சுமார் 27 கிலோ.

வெப்பத்தில் நீள்வது இன்னொரு விஷயம். 8 அடிப் பலகை உறைநிலையிலிருந்து 40 டிகிரி வெயிலுக்குப் போனால் ஏறக்குறைய அரை அங்குலம் நீளும். அதனால் வட்ட ஓட்டை போட்டு இறுக்கக்கூடாது, நீள ஓட்டை போட்டு அகல வாஷர் வைக்க வேண்டும். இதில் எந்தப் பசையும், தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட்டும் உருப்படியாக ஒட்டாது, போல்ட் மட்டும்தான் பிடி. சின்னப் படகில் எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக வைக்கும் இரண்டடி மேடைக்கு இது அருமையான பொருள். 26 அடிப் படகின் முழு அகலத்துக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

அலுமினியச் சட்டகம்

நல்ல வெல்டர் பக்கத்தில் இருந்தால் இதை யோசியுங்கள். குழாய்ச் சட்டகம், ஏணி, பிடிகம்பி எல்லாம் ஒரே உடலாகச் செய்துவிடலாம். இருப்பவற்றில் விறைப்பும் உறுதியும் இதற்கே அதிகம். பெரிய குடும்பம், ஆழமான மேடை, அடிக்கடி நாய் ஏறி இறங்கும் படகு என்றால் இது நியாயமான தேர்வு.

வெறும் அலுமினியம் ஆகஸ்ட் வெயிலில் காலைச் சுடும், ஈரத்தில் வழுக்கும். மேலே மென்மையான நுரைப் பாய் ஒட்ட வேண்டும், அதற்கும் பணம், சில வருடத்தில் மாற்றுவதற்கும் பணம். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியமும் நேராகத் தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் நைலான் வாஷரும் அதற்கென்று வரும் பசையும் வேண்டும். நன்னீர் ஏரியில் இந்த அரிப்பு மெதுவாக நடக்கும், உப்புத் தண்ணீரில் வேகமாக நடக்கும். பவுடர் பெயின்ட் அடித்திருந்தால் ஓட்டைகளைச் சுற்றி முதலில் கொப்பளிக்கும்.

பிளைவுட்டும் எபாக்ஸியும், நம் கையால்

18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், மூன்று பூச்சு எபாக்ஸி (இரண்டைக் கலந்தால் இறுகும் பிசின்), மேலும் கீழும் ஃபைபர் துணி, கடைசியில் பெயின்ட். கைவேலை தெரிந்தவர்களுக்கு இதுவே மலிவு, வளைவுக்கும் சரியாகப் பொருந்தும். எபாக்ஸி நேர் வெயிலைத் தாங்காது என்பதால் பெயின்ட்டை விடக்கூடாது. நான்கு வார இறுதிகளும் காய்வதற்கு வெதுவெதுப்பான இடமும் இல்லையென்றால் தொடங்க வேண்டாம்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | பழையதைப் புதுப்பிப்பது | தேக்கு | ஃபைபர்கிளாஸ் | எச்.டி.பி.இ | அலுமினியம் | பிளைவுட், எபாக்ஸி |
|---|---|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | மிகக் குறைவு | மிக அதிகம் | அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம் முதல் அதிகம் | குறைவு |
| விறைப்பு | மரத்தின் நிலையைப் பொறுத்தது | நல்லது | நல்லது | குறைவு | மிக நல்லது | நல்லது |
| அலை அடி வெளியேறுமா | தேக்குச் சட்டமானால் ஆம் | ஆம் | இல்லை | ஓட்டை வெட்டினால் | திறந்த சட்டமானால் ஆம் | ஓட்டை வெட்டினால் |
| காலடி | நல்லது | மிக நல்லது | நல்லது | மேற்பரப்பைப் பொறுத்தது | பாய் வேண்டும் | பெயின்ட்டில் மணல் வேண்டும் |
| வருடப் பராமரிப்பு | அதிகம் | அதிகம், வெள்ளியாக விட்டால் குறைவு | குறைவு | மிகக் குறைவு | குறைவு | நடுத்தரம் |
| மறைந்த செலவு | பிராக்கெட், நேரம் | எண்ணெய், நேரம் | அனுப்பும் கூலி, வளைவு | கூடுதல் தாங்கல் | பாய், அரிப்புக் காப்பு | நேரம், பெயின்ட் |

எதை வாங்கினாலும் பூட்டுவது ஒரே மாதிரிதான்

சுவருக்கு உள்பக்கம் கை போகும் இடத்தில் ஸ்க்ரூவுக்கு வேலையே இல்லை. 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட், சுவரைத் துளைத்து உள்ளே வந்து, உள்ளங்கை அளவாவது உள்ள தகட்டில் நட்டு. அலுமினியத் தகடோ கெட்டி ஃபைபர் தகடோ வைக்கலாம். சின்ன வாஷர் மட்டும் வைத்தால் அந்த 480 கிலோவில் ஒவ்வொரு போல்ட்டின் பங்கும் ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் அழுந்தும்.

ஓட்டை போடும் முறையில்தான் அடுத்த இருபது வருடம் இருக்கிறது. 3/8 அங்குல போல்ட் என்றால் முதலில் 5/8 அங்குலத்துக்கு அகலமாகத் துளையுங்கள். சுற்றிலும் தெரியும் பிளைவுட்டுக்கு மெல்லிய எபாக்ஸியைக் குடிக்கக் கொடுங்கள். பிறகு கெட்டியாக்கிய எபாக்ஸியால் ஓட்டையை முழுக்க அடையுங்கள். நன்றாக இறுகியபின் அந்த அடைப்பின் நடுவில் 3/8 அங்குலம் துளையுங்கள். இப்போது போல்ட் மரத்தைத் தொடவே தொடாது. நாளைக்கு சீலன்ட் தோற்றாலும் தண்ணீருக்குப் போக இடமில்லை. பழைய மேடையின் கைவிட்ட ஓட்டைகளையும் இதே மாதிரி அடைத்துவிடுங்கள். அவற்றில் ஒரு துளி சிலிகான் வைத்துவிட்டுப் போவதை நிறையப் படகுகளில் பார்த்திருக்கிறேன்.

சீலன்ட்டில் சிலிகான் வேண்டாம். நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் அது நிலைக்காது, அது பட்ட இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது. 3எம் 4200, சிகாஃப்ளெக்ஸ் 291 போன்ற பாலியூரிதேன் போதும். 3எம் 5200 நிரந்தரப் பசை. என்றாவது ஒரு நாள் பிராக்கெட்டைக் கழற்ற நேர்ந்தால் ஜெல்கோட்டையும் பெயர்த்துக்கொண்டு வரும். பூசியதும் போல்ட்டை முழுக்க இறுக்கிப் பசையை எல்லாம் பிதுக்கிவிடாமல், லேசாக இறுக்கிக் காயவிட்டு, பிறகு நட்டை மட்டும் திருப்பி முடியுங்கள். போல்ட் தலையைத் திருப்பினால் காய்ந்த பசை அறுந்துபோகும்.

துளைக்கும் முன் டிரைவ் காலை முழுக்க மேலே தூக்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். பலகையிலோ பிராக்கெட்டிலோ இடிக்கக்கூடாது. டிரிம் டேப் (ஓடும்போது படகின் மட்டத்தைச் சரிசெய்யும் பின்தகடு), எக்ஸாஸ்ட் வாய், தண்ணீர் வடியும் ஓட்டை எல்லாவற்றுக்கும் வழி வேண்டும். சுவரின் சாய்வையும் அளந்துகொள்ளுங்கள். ஸ்டெர்ன் டிரைவ் படகுகளில் சுவர் செங்குத்தாக இருக்காது, அந்தக் கோணத்துக்கு ஏற்ற பிராக்கெட் வாங்கினால்தான் மேடை மட்டமாக நிற்கும். உயரத்தைக் கரையில் வைத்துக் குறிக்காதீர்கள். படகு தண்ணீரில், டாங்க் நிறைந்து, இரண்டு பேர் பின்னால் நிற்கும்போது நீர்மட்டத்தை டேப்பால் குறித்து, அதற்கு மேல் மூன்று நான்கு அங்குலமாவது விடுங்கள். தாழ்வாக வைத்தால் ஏறச் சுலபம், ஆனால் ஓடும்போது தண்ணீரை அள்ளும்.

ஏணியை மேடையோடு சேர்த்தே திட்டமிடுங்கள். தண்ணீரிலிருந்து படகில் ஏற வேண்டிய உயரம் அரை மீட்டருக்கு மேல் என்றால் கனடாவில் மறுபடி ஏறுவதற்கான வசதி சட்டப்படியே வேண்டும். அமெரிக்கப் படகு யாட் கவுன்சிலின் தரம் கடைசிப் படி நீர்மட்டத்துக்குக் கீழே 22 அங்குலமாவது இருக்கச் சொல்கிறது. இரண்டு படி ஏணியில் இது வராது. களைத்த ஒருவர், உடை நனைந்து கனத்த நிலையில், யாருடைய உதவியும் இல்லாமல் ஏற வேண்டிய ஏணி இது. மூன்று அல்லது நான்கு படி வாங்குங்கள், தண்ணீருக்குள் இருந்தே இழுத்து இறக்கக்கூடியதாக வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எஞ்சின் ஓடும்போது மேடையில் யாரும் உட்காரவோ அதைப் பிடித்துத் தொங்கவோ கூடாது. புரொப்பெல்லர் காலடியில் சுற்றுகிறது, கார்பன் மோனாக்சைடு அங்கேதான் தேங்குகிறது. தேக்கு மேடையைப் பிடித்துக்கொண்டு அலையில் சறுக்கும் விளையாட்டுக்கு ‘டீக் சர்ஃபிங்’ என்றே பெயர் வந்தது, அதில் உயிர்கள் போனபின் கலிஃபோர்னியா 2005இலிருந்து அதைச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. பெரிய மேடை வாங்கினால் ஆசையும் பெரிதாகும், பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ரசீதில் வராத செலவு

படகு நிறுத்தும் துறைகளான பல மரீனாக்களில் வாடகை மொத்த நீளத்துக்கு அடிக் கணக்கில். நீச்சல் மேடையும் அந்த நீளத்தில் சேரும். மேடையை ஓர் அடி ஆழமாக்கினால் ஒவ்வொரு பருவமும் ஓர் அடிக்கு வாடகை கூடலாம், குளிர்கால நிறுத்தத்துக்கும் அப்படியே. வாங்கும் முன் மரீனா அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். டிரெய்லர் வைத்திருப்பவர்கள் பின்விளக்கை மேடை மறைக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கமாகக் கட்டும் படகு என்றால், அலையில் மேடை மரத்துறைக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளாமல் இருக்க உயரம் ஒத்துவருமா என்றும் பார்க்க வேண்டும். அப்படி மாட்டினால் படகு எழும்பும்போது பிராக்கெட்டைப் பிடுங்கும்.

யாருக்கு எது

தேக்கு மேடை ஏற்கெனவே இருக்கிறது, மரம் கெட்டி என்றால் புதுப்பியுங்கள், மிச்சப் பணத்தைச் சுவரிலும் போல்ட்டிலும் போடுங்கள். படகைப் பத்து வருடம் வைத்திருக்கும் எண்ணம், பராமரிக்க நேரம் குறைவு என்றால் ஃபைபர்கிளாஸ். என்னைக் கேட்டால், இந்த ஏரிகளில் ஓடும் 24 முதல் 28 அடி ஸ்டெர்ன் டிரைவ் படகுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் சரி. படகில் இரவு தங்குகிறவர்கள், அலை அதிகமுள்ள திறந்த நீரில் நிறுத்துகிறவர்கள், மரத்தை நேசிக்கிறவர்கள் தேக்குக்குப் போகலாம். 20 அடிக்குக் குறைந்த படகில் சின்ன மேடைக்கு பிளாஸ்டிக். நிறையப் பேர், பெரிய மேடை என்றால் அலுமினியம். இரண்டு மூன்று வருடத்தில் விற்பதாக இருந்தால் புதுப்பிப்பது, இல்லாவிட்டால் பிளைவுட். சுவர் ஈரமாக இருந்தால் இந்தப் பட்டியலில் எதுவும் வேண்டாம். மேடையைக் கழற்றி வைத்துவிட்டு, ஓட்டைகளை அடைத்து, ஒரு பருவத்துக்குச் சுவரில் தொங்கும் சின்ன ஏணியோடு ஓட்டுங்கள்.

நாங்கள் கடைசியில் ஃபைபர்தான் வாங்கினோம், அட்டை அச்சு வெட்டி அனுப்பி. இடது கீழ் மூலையில் கெட்டுப்போன பிளைவுட்டை வெட்டி எடுத்துப் புதிது வைத்தபிறகு நான்கு பிராக்கெட். தண்ணீரில் இறக்கிய அன்று உள்ளே ஒவ்வொரு நட்டுக்கு அடியிலும் உலர்ந்த டிஷ்யூத் துண்டு ஒன்றை டேப் போட்டு ஒட்டினேன். வெளியே மச்சானும் மகனும் இன்னும் இரண்டு பேரும் மேடையில் ஏறி நின்றார்கள். ஒரு வாரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தேன், பிறகு ஜூலை கடைசியில் ஒரு தடவை, அக்டோபரில் படகை வெளியே எடுக்கும் முன் ஒரு தடவை. துண்டுகள் எல்லாம் காய்ந்தே இருந்தன. இந்த வசந்தத்திலும் புதிதாக ஒட்டியிருக்கிறேன்.